கூடைக்கு அடியில் இருந்த மீன்

மேற்குத் தாம்பரம்
9-2-1970

அத்தானுக்கு,

'அன்புள்ள' என்று எழுதினேன், அடித்தேன். அடித்தது அசிங்கமாக இருந்ததால் வேறு இன்லண்ட் எடுத்தேன். இப்போது அதையும் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் புத்தி அப்படி.

சண்டை போட இந்தக் கடிதம் இல்லை. பள்ளிக்கூட விஷயம். எங்கள் தலைமை ஆசிரியை ஞானம்மாள் என் தலையில் ஒரு மாதிரிப் பாடத்தைக் கட்டிவிட்டார்கள். வருகிற 27-ஆம் தேதி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, நீதிபோதனை வகுப்பில். பல்லாவரம், குரோம்பேட்டை பள்ளிக்கூடங்களிலிருந்தெல்லாம் டீச்சர்கள் வந்து பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்களாம். தலைப்பு, 'சரியாக யோசிப்பது'. அதில் ஒரே ஒரு தப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். 'இது, இல்லாவிட்டால் அது, வேறு கிடையாது' என்று சொல்லி நம்மை மடக்குகிறார்களே, அந்தத் தப்பு. நீங்கள் இன்டர்மீடியட்டில் தர்க்கம் படித்தவர். கல்யாணமான புதிதில் சவரம் செய்துகொண்டே அதையெல்லாம் எனக்குச் சொல்வீர்கள், நான் கேட்காமலேயே. இப்போது கேட்கிறேன். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

ஜோதிக்கு இருமல் நின்றுவிட்டது. சாயங்காலம் ஆனால் ஸ்டேஷன் மேம்பாலத்துக்குப் போகலாம் என்று நச்சரிக்கிறாள். பீச் வண்டி வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு நிற்பாள். எதற்கு என்று நான் கேட்பதில்லை.

நீங்கள் போய் ஒரு மாதமாகிறது. போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு கார்டு, அதோடு சரி. சென்ட்ரலில் வண்டி நகரும்போது "வேலையா, நானா, சொல்லு" என்று கேட்டீர்கள். நான் "வேலை" என்றேன். அந்த ஒரு சொல்லை நீங்கள் பிலாய்க்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

தபீதாள்


பிலாய்
16-2-1970

தபீதாளுக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில்.

'மழை பெய்கிறது அல்லது பெய்யவில்லை.' இதில் மூன்றாவது கிடையாது. இது சரி. 'அவன் சட்டை வெள்ளை அல்லது கறுப்பு.' இது தப்பு, ஏனென்றால் நீலம் இருக்கிறது, பச்சை இருக்கிறது. குற்றம் 'அல்லது' என்ற சொல்லில் இல்லை, பட்டியல் முழுசாக இல்லாததில் இருக்கிறது. எனவே விதி: தேர்ந்தெடுப்பதற்கு முன் பட்டியல் முழுசா என்று பார். இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிடு. பிள்ளைகளுக்குப் புரியும்.

இனி மற்றது. கிண்டி கம்பெனி மூடியது என் குற்றமில்லை. பிலாய் இரும்பாலையில் டிராயிங் ஆபீஸ் வேலைக்கு உத்தரவு கைக்கு வந்தது. பல்லாவரத்தில் அக்கா வீட்டில், நம் வீட்டு வழக்கப்படி ஜெபம் பண்ணி, 'போ', 'போகாதே' என்று இரண்டு சீட்டு எழுதிக் காணிக்கைப் பையில் போட்டு எடுத்தோம். 'போ' வந்தது. நீயும் அங்கேதான் இருந்தாய், ஆமென் சொன்னாய். அதன் பிறகு நீ, எட்டு வருஷ சர்வீஸ், பெர்மனன்ட் வேலை, விடமாட்டேன் என்றால் நான் என்ன நினைப்பது? பிலாய், இல்லாவிட்டால் வீட்டில் சும்மா உட்கார்ந்து பெண்டாட்டி சம்பளத்தில் சாப்பிடுவது. இரண்டே வழிதான் இருந்தது. இதைச் சரியான 'அல்லது'க்கு உதாரணமாக உன் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இங்கே சாயங்காலமானால் அறையில் உட்கார முடியவில்லை. செக்டாரைச் சுற்றி நடக்கிறேன். ஒரே மாதிரி வீடுகள். இரண்டு தடவை வேறு யார் வீட்டுக் கதவையோ தட்டிவிட்டேன்.

ஜோதியை மேம்பாலத்தில் கம்பி ஓரமாக நிற்கவிடாதே.

ஜெபசீலன்


மேற்குத் தாம்பரம்
2-3-1970

அத்தானுக்கு,

பாடம் முடிந்தது. உங்கள் சட்டை தோற்றுப்போனது.

'சட்டை வெள்ளை அல்லது கறுப்பு' என்று ஆரம்பித்தேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் தங்கள் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். யூனிபாரம் போட்ட பிள்ளைகளிடம் சட்டையை உதாரணம் சொன்னால் வேறென்ன நடக்கும்? பின்வரிசையில் பல்லாவரத்து டீச்சர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். எனக்கு வியர்த்துவிட்டது.

அப்போது சரளா எழுந்தாள். சேலையூர்ப் பக்கத்திலிருந்து வருகிற பெண். அவள் அம்மா ரேணுகாம்பாள் விடியற்காலையில் கோவளம் போய் மீன் எடுத்துவந்து இங்கே மார்க்கெட்டில் விற்கிறவள். சரளா பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"டீச்சர், எங்கம்மா கூடையில மேல வஞ்சிரமும் வவ்வாலும்தான் கீது. வர்றவங்க 'இது ரெண்டுதானா'ன்னு கேப்பாங்க. 'ரெண்டுதாம்மா, எது ஓணும்'னு சொல்லும். கெட்டிக்காரவங்க துணியத் தூக்கிப் பாப்பாங்க. அடியில காரப்பொடி மீனு கீது."

"அதை ஏன் அடியில் வைக்கிறாங்க?" என்றேன்.

"மேல வெச்சா எல்லாரும் அதத்தான் கேப்பாங்க டீச்சர். அது வெல கம்மி. அப்பால வஞ்சிரத்த யாரு வாங்குவா?"

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பதினோரு வருஷமாகத் தர்க்கம் படித்தவருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லையே என்று நின்றேன். பட்டியல் முழுசாக இல்லாமல் போவது எப்போதும் மறதியால் இல்லை. மறைக்கிறவருக்கு ஒரு காரணம் இருக்கும்.

நம் ஜோதி கை தூக்கினாள். வகுப்பில் அவளும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். "அப்போ ரெண்டுதான்னு சொல்றவங்க எல்லாரும் பொய் சொல்றாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். நான் யோசிப்பதற்குள் சரளா திரும்பி, "இல்ல ஜோதி, சில நாளு நெசமாவே ரெண்டுதான் இருக்கும். தூக்கிப் பாத்தாதான் தெரியும்" என்றாள். இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? 'கூடைக்கு அடியில் பார்' என்று பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்தேன். இப்போது பள்ளிக்கூடம் முழுக்க அதுதான் பேச்சு. "இன்னிக்கு உப்புமாவா, தோசையா" என்று கேட்டால்கூட ஜோதி "அடியில பாத்தியாம்மா?" என்கிறாள். அடியில் பழைய சோறு இருந்தது, அதைத்தான் சாப்பிட்டாள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிலாய், இல்லாவிட்டால் சும்மா உட்காருவது என்றீர்களே, அந்தக் கூடைக்கு அடியில் நிஜமாகவே ஒன்றுமில்லையா?

தபீதாள்


பிலாய்
10-3-1970

தபீதாளுக்கு,

ஒன்றுமில்லை. மீன்காரிப் பெண் சொன்னதை வைத்து என்னைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம்.

மே மாதம் பதினைந்து நாள் லீவு சொல்லியிருக்கிறேன். வரும்போது ஜோதி விஷயத்தை முடிவு செய்ய வேண்டும். இங்கே தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் இருக்கிறது. பக்கத்து வீட்டு அந்தோணிசாமியின் மனைவி பகலில் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள். ஒரு பெண் குழந்தை அப்பன் இல்லாமல் வளர வேண்டுமா? அவள் என்னிடம் இருக்கட்டும். நீ வேலையோடு இரு. நீ கேட்டது அதுதானே.

உனக்குச் சம்மதமில்லை என்றால், ரத்தினபாய் அக்கா ஒரு யோசனை சொல்லி எழுதியிருக்கிறாள். நீயும் பேச வேண்டாம், நானும் பேச வேண்டாம். ஜெபம் பண்ணி, 'அப்பா', 'அம்மா' என்று இரண்டு சீட்டு எழுதி, ஜோதியின் கையாலேயே எடுக்கச் சொல்வோம். கர்த்தர் காட்டுகிற இடத்தில் பிள்ளை இருக்கட்டும். இதில் யார் மேலும் யாருக்கும் வருத்தம் வராது.

வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. டிராயிங் தாளில் வியர்வை சொட்டி ஒரு படத்தைக் கெடுத்துவிட்டேன். இருபது வருஷத்தில் இப்படி நடந்ததில்லை.

ஜெபசீலன்


மேற்குத் தாம்பரம்
19-3-1970

அத்தானுக்கு,

முடியாது.

பிள்ளை என்ன, மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுகிற மாடா? கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று முறை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

ஏற்கனவே ஊர் அவளை விடுவதில்லை. போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, லாசரஸ் வீட்டுச் செல்லம்மா அவள் கன்னத்தைக் கிள்ளி, "அப்பாவைப் பிடிக்குமா, அம்மாவைப் பிடிக்குமா, யாரை ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டாள். எல்லாப் பிள்ளைகளையும் எல்லாரும் கேட்கிற கேள்விதான். ஜோதி, "கூடைக்கு அடியில பாத்தீங்களா பெரியம்மா?" என்றாள். செல்லம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஏம்மா, நிஜமாவே ரெண்டுதான் இருக்கிற நாள் வந்தா என்ன செய்யறது?" என்று கேட்டாள்.

நான் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். இந்த ஒரு பிள்ளைக்குத் தட்டைத் திரும்ப நகர்த்தி வைத்ததோடு சரி.

தபீதாள்


பிலாய்
4-4-1970

தபீதாளுக்கு,

பத்து நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

சீட்டு வேண்டாம் என்கிறாய். அன்றைக்கு 'போ' வந்தபோது ஆமென் சொன்னவள் இப்போது ஏன் பின்வாங்குகிறாய்? சீட்டில் என் பெயர் வந்துவிடும் என்று பயப்படுகிறாய். எனக்கு வேறு அர்த்தம் தோன்றவில்லை. கர்த்தரை நம்பினால் வா. உன்னைத்தான் நம்புவாய் என்றால் வராதே.

ஜோதிக்குத் தனியாக ஒரு கார்டு போட்டிருக்கிறேன். அவள் பதில் எழுதுவதில்லை. போன தடவை ஒரு ரயில் படம் மட்டும் வரைந்து அனுப்பினாள். எந்தப் பக்கம் போகிற ரயில் என்று தெரியவில்லை, இரண்டு முனையிலும் என்ஜின் இருக்கிறது. அதைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

ஜெபசீலன்


மேற்குத் தாம்பரம்
15-4-1970

அத்தானுக்கு,

நம்பினால் வா, நம்பாவிட்டால் வராதே. இதுவும் ஒரு வஞ்சிரம், ஒரு வவ்வால். தெரிகிறது. தெரிந்தும் என் ரோஷம் விடவில்லை. எனக்குப் பயம் என்று எழுதிவிட்டீர்கள்.

சரி, வாருங்கள். மே பதினேழு, ஞாயிறு மத்தியானம், உங்கள் அக்கா வீட்டில். ஜோதி எடுக்கட்டும். எது வருகிறதோ அதுதான், அப்புறம் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அழவும் மாட்டேன்.

இதை எழுதிவிட்டு உடனே போய்த் தபாலில் போடப் போகிறேன். வீட்டில் வைத்திருந்தால் கிழித்துவிடுவேன்.

தபீதாள்


மேற்குத் தாம்பரம்
1-6-1970

அத்தானுக்கு,

பல்லாவரத்திலிருந்து எங்களோடு திரும்பக்கூட இல்லை. அங்கேயே தங்கி, மறுநாள் நான் இல்லாத நேரமாகப் பார்த்து இங்கே வந்து, ஜோதியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு, அவள் கட்டிவைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். நான் மார்க்கெட்டிலிருந்து வந்தபோது உங்கள் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. லீவில் இன்னும் ஒரு வாரம் பாக்கி இருந்ததே.

கோபம் யார் மேல்? என் மேலா, பிள்ளை மேலா? அவள் என்ன செய்தாள்? அத்தை சொன்னபடி கண்ணை மூடினாள், பைக்குள் கைவிட்டாள், எடுத்தாள். கையை விரித்தபோது இரண்டு சீட்டும் இருந்தது. "ஒண்ணுதான் எடுக்கணும், திரும்பப் போடு" என்று அக்கா அதட்டினார்கள். அவள் கையை மூடிக்கொண்டு, "ஒண்ணுதான் எடுக்கணும்னு கர்த்தர் சொன்னாரா அத்தை, நீங்க சொன்னீங்களா?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். அக்கா அவளை இப்படி வளர்த்துவைத்திருக்கிறாயே என்று என் பக்கம் திரும்பினார்கள். நீங்களோ அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் எழுந்து வெளியே போனவர்தான்.

சீட்டு இரண்டும் எங்கே என்று கேட்டால் ஜோதி சொல்வதில்லை. "பத்திரமா இருக்கு" என்கிறாள். ஆக ஒன்றும் முடிவாகவில்லை. எனக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது அடுப்பு ஞாபகம் வருகிறது, அடுப்பிடம் வந்தால் எதற்கு வந்தோம் என்று தெரிவதில்லை.

எட்டாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது.

தபீதாள்


பிலாய்
10-6-1970

தபீ,

நேற்று இங்கே முதல் மழை. ஓடு ஒழுகி என் டிரங்குப் பெட்டி நனைந்துவிட்டது. துணியை எல்லாம் வெளியே போட்டு, அடியில் விரித்திருந்த செய்தித்தாளை எடுத்தேன். அதற்குக் கீழே அந்தச் சீட்டு இருந்தது. அக்கா கையெழுத்து. 'அம்மா'.

புரிந்தது. பிள்ளை எடுத்துவிட்டாள். எல்லார் முன்னாலும் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசு வராமல், பெட்டி கட்டும்போது வைத்திருக்கிறாள். பத்து வயதில் அவளுக்கு இருக்கிற நாகரிகம் எனக்கு இல்லை. அவள் உன்னிடமே இருக்கட்டும். இனிமேல் இதைப்பற்றி எழுதமாட்டேன்.

எல்லாம் முடிந்துபோனதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பைக்குள் அவள் கைவிட்ட நிமிஷத்திலிருந்து இது என்னைத் தின்கிறது. அதனால்தான் அங்கே நிற்க முடியவில்லை.

கூடைக்கு அடியில் மீன் இருந்தது, தபீ. கம்பெனி மூடிய மறு வாரம் தாமோதரன் என்னைப் பார்க்க வந்தான். உனக்கு ஞாபகம் இருக்கும், என் கீழே டிரேசராகச் சேர்ந்த ஒல்லிப் பையன், நான் பென்சில் சீவக் கற்றுக்கொடுத்தவன். குரோம்பேட்டையில் சொந்தமாகப் பட்டறை போட்டிருக்கிறான். "சார், டிராயிங் பாக்க ஆள் இல்ல. நீங்க வந்தா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றான். தாம்பரத்திலிருந்து இரண்டாவது ஸ்டேஷன். மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கலாம். ஆனால் நேற்றுவரை 'சார், சார்' என்று நின்றவனிடம் போய் நாளைக்கு நான் லீவு கேட்டு நிற்பதா? யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ அதைத்தான் எடுப்பாய் என்று எனக்குத் தெரியும்.

அக்கா வீட்டில் சீட்டு எழுதியபோது மூன்று காகிதம் கிழித்தேன். மூன்றாவதில் 'தாமோதரன்' என்று எழுதவும் செய்தேன். மடித்து, பைக்குள் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மீதி இரண்டில் ஒன்று வந்ததைத்தான் கர்த்தருடைய சித்தம் என்று உன்னிடம் காட்டினேன். நீ ஆமென் சொன்னாய்.

தர்க்கம் படித்தவன் நான்தான். பட்டியல் முழுசா என்று பார் என்று உனக்கு விதி எழுதி அனுப்பியவனும் நான்தான்.

ஜெபசீலன்


மேற்குத் தாம்பரம்
11-6-1970

அத்தானுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் திறந்து மூன்று நாள் ஆகிறது. என்னுடைய சாக்பீஸ் டப்பா லீவு முழுக்க வீட்டு அலமாரியில் இருந்தது. இன்றைக்கு வகுப்பில் மேலே இருந்த துண்டுகள் தீர்ந்து, அடியில் கைவிட்டேன். மடித்த சீட்டு ஒன்று வந்தது. பிள்ளைகள் முன்னால் பிரித்தேன். 'அப்பா'.

ஜோதி இப்போது ஆறாம் வகுப்பு, பக்கத்து அறை. அங்கிருந்து அவள் வாய்ப்பாடு சொல்லும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் தேர்ந்தெடுத்துவிட்டாள். என்னிடம் வாயால் சொல்ல முடியாமல் இப்படிச் சொல்லியிருக்கிறாள். மேம்பாலத்தில் நின்று வண்டி பார்த்ததெல்லாம் எதற்கு என்று இப்போது தெரிகிறது. எது வருகிறதோ அதுதான் என்று நான் எழுதிக்கொடுத்தவள். சொன்ன சொல் மாறமாட்டேன். லாசரஸ் அண்ணன் 22-ஆம் தேதி நாகபுரி போகிறார். அவரோடு அனுப்புகிறேன். நாகபுரிக்கு நீங்கள் வந்து அழைத்துக்கொள்ளுங்கள்.

அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எனக்காக மாற்றிச் சொல்வாள். நான்கு கவுன் எடுத்து மடித்து வைத்துவிட்டேன். தலைக்கு எண்ணெய் வைத்தால் காதுக்குப் பின்னால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கொப்புளம் வரும். அந்தோணிசாமி சம்சாரத்திடம் சொல்லுங்கள்.

தபீதாள்


மேற்குத் தாம்பரம்
15-6-1970

அன்புள்ள அத்தானுக்கு,

என் கடிதம் உங்களுக்கு இன்று கிடைத்திருக்கும். உங்களுடையது எனக்கு இன்று மத்தியானம் கிடைத்தது. அதில் 'அம்மா' என்பதைப் படித்துவிட்டு, என் கையிலிருந்த 'அப்பா'வை எடுத்துப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. நாகபுரிக்கு நீங்கள் கிளம்ப வேண்டாம். ஜோதி வரவில்லை. அதாவது, தனியாக வரவில்லை.

ஜோதி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கேட்டேன். அடுக்கி வைத்த கவுன்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பா பெட்டியில அம்மா இல்ல. உன் டப்பாவுல அப்பா இல்ல. அதான் ஆளுக்கு ஒண்ணு வெச்சேன். அடியில வெச்சா நீங்க ரெண்டு பேரும் தேடிப் பாப்பீங்கன்னு நெனச்சேன். ஏம்மா இவ்வளவு நாளு ஆச்சு?"

அவள் நம்மில் யாரையும் எடுக்கவில்லை அத்தான். நம் இரண்டு பேருக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நீங்கள் 'அம்மா'வைப் பார்த்துத் தோற்றேன் என்றீர்கள். நான் 'அப்பா'வைப் பார்த்துப் பெட்டி கட்டினேன். பாடம் நடத்தியவளுக்கும், விதி எழுதியவருக்கும், ஒருவர் ஜெயித்தால் ஒருவர் தோற்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

தாமோதரன் விஷயத்தைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டேஷன்வரை நடந்துவிட்டு வந்தேன். கோபம்தான். ஐந்து மாதம். ஒரு காகிதம் உங்கள் சட்டைப் பையில் இருந்ததற்காக, அந்தப் பிள்ளையைப் பைக்குள் கைவிட வைத்தோமே. திரும்பி நடக்கும்போது பாதிக் கோபம் என் மேலே வந்துவிட்டது. ஏனென்றால் எனக்கும் ஒரு காரப்பொடி இருந்தது. போன டிசம்பரிலேயே ஞானம்மாள் என்னைக் கூப்பிட்டு, "ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவு வாங்கித் தர்றேன், போய் அவரோட இருந்து பாரு, உன் இடம் உனக்குத்தான்" என்றார்கள். நான் உங்களிடம் சொல்லவில்லை. ஒரு வருஷம் போனால் திரும்ப விடமாட்டீர்கள் என்று பயந்தேன். 'வேலையை விட்டுவிடு என்கிறார்' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். விடாமலேயே வரலாம் என்பதை மட்டும் துணி போட்டு மூடிவைத்தேன்.

இப்போது எல்லாமே மேலே இருக்கிறது. எது நல்லது என்று எனக்குத் தெரியாது. தாமோதரனிடம் போங்கள் என்று சொல்லமாட்டேன், உங்கள் மானம் எனக்கும் மானம்தான். ஒரு வருஷ லீவுக்கு நான் எழுதிக்கொடுத்துவிட்டேன் என்றும் சொல்லமாட்டேன். காலாண்டுப் பரீட்சை லீவில் நாங்கள் இரண்டு பேரும் அங்கே வருகிறோம். உட்கார்ந்து பேசுவோம். அதற்குள் வேறு ஏதாவது உங்களுக்குத் தோன்றினால் அதையும் எழுதுங்கள். அக்காவின் பை மட்டும் வேண்டாம்.

சென்ட்ரலில் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லியிருக்கக் கூடாது. இரண்டில் எதைச் சொன்னாலும் பொய்யாகத்தான் இருந்திருக்கும். இன்னொரு தரம் கேட்டீர்கள் என்றால் பதில் சொல்லமாட்டேன். வண்டியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இதென்ன கேள்வி என்று கேட்பேன்.

உங்கள்
தபீ

பி.கு.: ஜோதி சொல்லச் சொன்னாள். பெட்டி காய்ந்ததும் சீட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டுமாம். வரும்போது தூக்கிப் பார்ப்பாளாம்.